வெல்லத்தால் தூசி இறங்காது

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் பொதுமக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைப்பேசி வழியாக நம் வீட்டுக்குள் வருகிற சாப்பாட்டு வைத்தியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் கிளம்பும் பெங்களூர் ரயிலில் ஏறி உட்கார்ந்தாலே இந்த விஷயம் முழுக்க விளங்கிவிடும். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறும். பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பைத் திறந்திருப்பார்கள். கருஞ்சீரகத் தண்ணீர் குடித்தால் சர்க்கரை போய்விடும், பால் குடித்தால் புற்றுநோய் வரும், பிரஷர் மாத்திரை போட்டால் கிட்னி கெட்டுவிடும், நுரையீரல் தூசிக்கு வெல்லமும் வாழைப்பழமும் போதும். பக்கத்து சீட்டுக்காரர் படித்துவிட்டு, "அண்ணே, இதை எனக்கு அனுப்புங்க, எங்க அப்பாவுக்கு ஆகும்" என்பார். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நோயாளியின் மேல் உள்ள அக்கறைதான் அந்தச் செய்தியைக் கையிலிருந்து கைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது.

இப்படி ஒருவருக்கொருவர் வைத்தியம் சொல்லிக்கொள்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. சென்னை ராயப்பேட்டையில் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர். மறு ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' ஆனது. அந்த இதழுக்கு மிகப் பெரிய பலமாக நின்ற ஊர்களில் நம் தங்கவயலும் ஒன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. பூமிக்கடியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் கூடி உட்கார, எழுத்துத் தெரிந்தவர் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926-இல் அதே 'தமிழன்' அப்பாதுரையார் பொறுப்பில் இந்த ஊரிலிருந்தே மறுபடி வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா அச்சகமும் இங்கேதான் இருந்தது. இன்று தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆகவே நாட்டு மருத்துவத்தைப் பற்றி இளக்காரமாகப் பேச நான் இங்கே வரவில்லை. தங்கவயல்காரன் அப்படிப் பேசவும் கூடாது.

ஆனால் அந்தப் பண்டிதர் தன் பெயரைப் போட்டு எழுதினார். அவர் வைத்தியம் பார்த்த இடம் எல்லாருக்கும் தெரியும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. இன்று நமக்கு வரும் செய்திக்கு அந்த வாசல் இல்லை. எழுதியவர் யார், எந்த ஊர், யாருக்குக் கொடுத்துப் பார்த்தார், எத்தனை நாள் கவனித்தார் என்று எதுவும் அதில் இருக்காது. கடைசியில் 'அதிகம் பகிரவும்' என்ற ஒரு வரி மட்டும் இருக்கும்.

முதலில் வெல்லத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊரில் இதற்கு இருக்கும் செல்வாக்கு வேறெதற்கும் இல்லை. இங்கே மட்டுமல்ல, பஞ்சாலை, சிமென்ட் ஆலை, கல்குவாரி என்று இந்தியாவில் தூசி பறக்கும் இடமெல்லாம் வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஓர் உருண்டை வெல்லம் வாயில் போடுகிறார்கள். தொண்டையில் ஒட்டிய தூசிக்கு அது இதமாக இருக்கும். வறண்ட தொண்டையில் எச்சில் ஊறும், களைப்புக்குக் கொஞ்சம் தெம்பு வரும். அதுவரை உண்மை.

ஆனால் சுரங்கத்துத் தூசி தொண்டையோடு நிற்பதில்லை. இங்கே தங்கம் இருந்தது வெள்ளைக் கல்லில், அதாவது குவார்ட்ஸில். அதைத் துளைத்து, வெடி வைத்து உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் கிளம்புகிறது. பெரிய துகளை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரை இருநூறு கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அதைவிடச் சிறிய துகள் நேரே நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்காரும். அதைத் தின்று அழிக்க உடம்பிலுள்ள காவல் செல்கள் வருகின்றன. தின்றதும் அந்தச் செல்களே செத்துவிடுகின்றன. செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. சிலிக்கா கரையாததால் அடுத்த செல் வந்து அதே துகளைத் தின்று அதுவும் சாகிறது. இப்படித் தழும்பு மேல் தழும்பாக நுரையீரல் கெட்டிப்பட்டுப் போகிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்து இருபது வருஷம் ஆனாலும் இந்த வேலை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். இதுதான் சிலிகோசிஸ். இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தது நம் ஊரில்தான். 1940 முதல் 1946 வரை 7,000-க்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 40-க்கு மேல் அந்த நோய் இருந்தது. நாட்டின் மருத்துவ நூல்களில் இன்றும் அந்தக் கணக்கு இடம்பெறுகிறது. அதில் ஒவ்வொரு எண்ணும் நம் தாத்தாக்களில் ஒருவர்.

நாம் தின்னும் வெல்லம் உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது. துகள் கிடப்பது மூச்சுக்குழாயின் கோடியில். வெல்லம் அங்கே போய் அதை இழுத்துக்கொண்டு வர வழி கிடையாது. "அப்படியானால் விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்தார்களே" என்று படித்த இளைஞர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. லக்னோவில் இருக்கும் தொழில்நச்சு ஆராய்ச்சி மையத்தில் எலிகளுக்கு நிலக்கரித் தூசியும் சிலிக்காத் தூசியும் கொடுத்து, கூடவே வெல்லமும் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலிலிருந்து துகள் நகர்வது கூடியது, புண் குறைந்தது என்று 1994-இல் கட்டுரை வந்தது. செய்தது நல்ல ஆராய்ச்சி. ஆனால் அது எலியில் கண்டது. முப்பது வருஷம் துளை போட்ட மனிதனின் நுரையீரலில் விழுந்த தழும்பை வெல்லம் ஆற்றும் என்று அந்தக் கட்டுரையை வைத்துச் சொல்ல முடியாது. கைப்பேசியில் வரும்போது எலி காணாமல் போய்விடுகிறது. 'விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்' என்பது மட்டும் மிஞ்சுகிறது.

என் கோபத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தூசி போகவில்லை என்றால் வெல்லம் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று ஆகிவிடுகிறது. தூசியைக் கிளப்பியவன் கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறான், தின்றவன் தலையில் குற்றம் விழுகிறது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. ஆனால் அரைத்துச் சலித்துச் சயனைடு போட்டுத் தங்கம் எடுத்த மண் இன்னும் நம் தலைமாட்டில் மலைமலையாகக் கிடக்கிறது. பதின்மூன்று மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்றடிக்கும் மாதங்களில் சைனைடு டம்ப் என்று நாம் சொல்லும் அந்த மேடுகளின் மண், தொழிலாளர் லைன் வீடுகளின் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கி, மூடி வைத்த சோற்றுப் பானைமேல் படிவதை இங்கே இருக்கும் ஒவ்வொரு தாயும் துடைத்திருக்கிறார். சுரங்கத்தில் கால் வைக்காத பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அந்த மேடுகளைத் தோண்டி மிச்சத் தங்கத்தை எடுக்கலாம் என்ற திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தோண்டும்போது கிளம்பும் தூசிக்கு யார் பொறுப்பு, லைன்களில் இருப்பவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பது யார் என்று நம் குழுக்களில் எத்தனை செய்தி போகிறது? வெல்லத்தைப் பற்றி நூறு போகிறது.

தென்னாப்பிரிக்காவில் நம்மைப் போன்ற தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆறு கம்பெனிகள் சேர்ந்து 500 கோடி ராண்ட் வரை இழப்பீடு தருவது என்ற உடன்பாட்டுக்கு 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. 1965-க்குப் பிறகு வேலை பார்த்து சிலிகோசிஸ் வந்தவர்களும், இறந்துபோனவர்களின் குடும்பங்களும் அதில் வருகிறார்கள். நம் நாட்டிலேயே ராஜஸ்தான் அரசு அதே 2019-இல் சிலிகோசிஸுக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். அந்தப் பணம் போதுமா என்பது வேறு பேச்சு. நோயை உண்டாக்கியது வேலை என்று அரசு எழுதிக் கையெழுத்துப் போட்டது, அதுதான் முக்கியம்.

அடுத்தது ரேஷன் அரிசி. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அக்கா முறத்தைச் சாய்த்து வைத்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். கல்லைப் பொறுக்குகிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் கொஞ்சம் மங்கலான வெள்ளையில், மற்ற அரிசியைவிட ஒரே சீராக இருக்கும் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே போடுகிறார். "பிளாஸ்டிக் அரிசி கலந்துட்டானுங்க தம்பி. தண்ணியில போட்டா மிதக்குது, பாருங்க" என்றார். அவர் குழுவில் அப்படி ஒரு வீடியோ வந்திருக்கிறது. அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசி வடிவில் செய்த மணி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ வீதம் கலந்திருந்தார்கள். ரத்தசோகைக்காக அரசு போட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அதே குழுவில் வந்த 'ரத்தம் ஊற பேரீச்சம்பழம்' செய்தியைப் பார்த்து, அந்த அக்கா 200 ரூபாய் கொடுத்து ஒரு டப்பா வாங்கி வைத்திருந்தார்.

இந்தச் செறிவூட்டிய அரிசியை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாட் போன்ற ஆராய்ச்சியாளர்களே எல்லாருக்கும் ஒரே மாதிரி இரும்பைக் கலப்பது தேவையா என்று வெளிப்படையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அது அளந்து பார்த்துக் கேட்கும் கேள்வி. தலசீமியா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பதும் உண்மை. பிளாஸ்டிக் என்ற பொய் வந்து உட்கார்ந்துகொண்டதால் இந்த உண்மையான கேள்விகளைக் கேட்க நமக்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

ராகியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோலார் ராகி நம் மண்ணின் சொத்து. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் 10-ஐ ஒட்டித்தான் வரும். முளைகட்டி அரைத்தால் அந்தச் சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். ஆனால் 'களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது' என்று நம்பி, நைசாக அரைத்த மாவில் இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டுவிட்டு மாத்திரையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ராகியும் மாவுச்சத்துதான். சீனிக்குப் பதில் வெல்லம் என்பதும் அப்படித்தான், ரத்தத்துக்கு இரண்டும் சர்க்கரையே. ஃப்ளோரைடு அதிகமான போர்த் தண்ணீர் குடிக்கும் கோலார் மாவட்டத்துக் குழந்தைகளுக்குக் கால்சியம் உள்ள சாப்பாடு மிகவும் அவசியம். ராகிக்கு உண்மையான வேலை அங்கே இருக்கிறது.

பொய்ச் செய்தி உயிரையும் வாங்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் முதல் கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் இருந்தன. வாட்ஸ்அப் வதந்தியைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயந்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் திருப்பூரில் ஓர் இளம் தாய், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய், ரத்தப்போக்கு நிற்காமல் இறந்தார். பிறந்த குழந்தை தாயில்லாப் பிள்ளை ஆயிற்று.

இவ்வளவு சொன்னதும், சாப்பாட்டுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. நாம் நினைப்பதைவிட அதிகமாக இருக்கிறது. நான் சளிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன், ஆகவே டி.பி.யை வைத்தே சொல்கிறேன். சிலிக்கா படிந்த நுரையீரலில் டி.பி. கிருமி எளிதாகக் குடியேறும். இந்த ஊருக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன.

மருந்து கண்டுபிடிக்காத காலத்தில் டி.பி.க்கு நல்ல காற்றும் ஓய்வும் பாலும் முட்டையும்தான் வைத்தியம். நமக்குப் பக்கத்தில் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் அப்படி எழுந்த மருத்துவமனை. மருந்து வந்த பிறகு 1956-இல் சென்னையில் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பாதிக்கு சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாட்டோடு மருந்து. மறு பாதிக்கு அதே மருந்து, ஆனால் வீட்டில், குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள். உலகம் முழுவதும் டி.பி. வைத்தியத்தையே மாற்றிய முடிவு அது. வந்துவிட்ட நோயைத் தீர்த்தது மாத்திரை. சாப்பாடு குறைந்தாலும் மாத்திரை வேலை செய்யும் என்பது சென்னையில் ஏழை எளியவர்களின் உடம்பிலேயே நிரூபணமானது.

கதையின் மறுபாதி 2023-இல் வந்தது. மங்களூர் யெனெபோயா மருத்துவக் கல்லூரியின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியர், சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ஜார்க்கண்டில் செய்த ஆய்வு. டி.பி. வந்தவர் வீட்டில் இருக்கும் மற்றவர்கள், மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேல். ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை என்று கூடை போனது. மற்ற வீடுகளில் நோயாளிக்கு மட்டும் போனது. வீட்டில் எல்லாருக்கும் உணவு போன இடத்தில் புதிதாக டி.பி. வருவது 39 சதவிகிதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் டி.பி. கிட்டத்தட்ட பாதியானது. நோயாளிகளிலும் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் சாவது வெகுவாகக் குறைந்தது.  இதைச் செய்தது இமயமலை மூலிகையும் இல்லை, இறக்குமதிப் பொடியும் இல்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், பால்பவுடர். ஏழை வீட்டுக்குப் போதுமான அளவில், தவறாமல்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் திறந்தே சொல்கிறேன். நமக்கு வரும் ஆரோக்கியச் செய்திகளில் பாதி, இறைச்சியை விடு, முட்டையை விடு என்கிறது. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். மாட்டுக்கறியும் குடலும் ஈரலும் கருவாடும் தின்றுதான் நம் பாட்டன்மார் பத்தாயிரம் அடி ஆழத்துக்கு இறங்கினார்கள். கூலிக்காரன் காசுக்குக் கிடைத்த புரதம் அதுதான். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கர்நாடக மாட்டுவதைத் தடைச் சட்டம் மாட்டுக்கறியைத் தட்டிலிருந்து எடுத்தது. அதற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. இப்போது கைப்பேசி வந்து, அது அசுத்தம், உடம்புக்கு ஆகாது என்று மனதிலிருந்தும் எடுக்கப் பார்க்கிறது. நம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் 2024 முதல் வாரம் ஆறு நாள் முட்டை கிடைக்கிறது. 'பிளாஸ்டிக் முட்டை' வீடியோவை நம்பி அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெற்றோர் யாராவது இங்கே இருந்தால், நாளைக்கே போய் மாற்றி எழுதிக் கொடுங்கள்.

குழுக்களை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. நம் ஊரில் யாருக்கு ரத்தம் வேண்டும், எந்த மருத்துவமனையில் எந்த டாக்டர் இருக்கிறார் என்பதெல்லாம் அந்தக் குழுக்களால்தான் நொடியில் தெரிகிறது. குழு நடத்தும் தம்பிகளிடம் நான் கேட்பது இதுதான். வைத்தியக் குறிப்பு எதுவும் சொன்னவர் பெயரும் ஊரும் இல்லாமல் நம் குழுவில் வரக் கூடாது என்று வையுங்கள். 'மாத்திரையை நிறுத்து' என்று எந்தச் செய்தி சொன்னாலும், அது எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அங்கேயே அழித்துவிடுங்கள். தனக்குக் குணமானது என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள், கூடவே ரத்தப் பரிசோதனை முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று மரியாதையாகக் கேளுங்கள். வெல்லச் செய்தி வந்தால் சைனைடு டம்ப் தூசியைப் பற்றி ஒரு மனுவை அதன் கீழே போடுங்கள், எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், கஷாயம் கொடுப்பதை நான் தடுக்கவில்லை, ஆனால் மறுநாள் காலையில் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் சளியைக் கொடுத்துவிடுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். டி.பி. என்று தெரிந்தால் சிகிச்சை முடியும்வரை சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் விடாமல் கேளுங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர் வீட்டில் இருந்தால், எத்தனை வருஷம், எந்த ஷாஃப்டில் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.